நடையும் பயிற்சியும்: அன்றாட இயக்கத்தால் உடல்நலம் பேணுதல்

மொழிக்கழகம் நடத்தும் பொழிவு வரிசையில் உடற்பயிற்சிக்கு என்ன இடம் என்னும் வினா எழுவது இயல்பே. வினைக்கு முன் சொல் நிற்கிறது என்பதே நம் விடை. ஒரு சமூகம் உடலைப் பற்றி எப்படிப் பேசுகிறதோ, அப்படியே அதைப் பேணுகிறது. எடை குறைப்பைப் பற்றியும் உடல் உறுதியைப் பற்றியும் நம்மிடையே உலவும் குழப்பங்கள் பலவற்றுக்கு வேர், நாம் வழங்கும் சொற்களிலேயே இருக்கிறது. ஆகவே சொல்லிலிருந்து தொடங்கிச் செயலுக்குச் செல்வோம். எடுத்துக்காட்டுகளைத் தொலைவில் தேடாமல், செலாயாங்கிலும் அதைச் சூழ்ந்த கோம்பாக் வட்டாரத்திலும் நாள்தோறும் நாம் காண்பனவற்றிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

1. சொல் காட்டும் வழி

உடற்பயிற்சி என்பது உடல், பயிற்சி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. முதற்சொல்லின் லகர ஒற்று, வல்லினம் வரும்போது றகர ஒற்றாகத் திரிந்தது. இலக்கண வகுப்பில் இந்தத் திரிபைக் கூறி நிறுத்திவிடுகிறோம். இரண்டாம் சொல்லையும் சற்று நோக்குதல் வேண்டும். பயிற்சிக்கு அடி 'பயில்' என்னும் வினை. கற்றல் என்பது அதன் ஒரு பொருள். அடுத்தடுத்து நிகழ்தல், பழகுதல், நெருங்கி வருதல் என்பனவும் அதன் பொருள்கள். ஒருமுறை செய்து முடிப்பது பயிற்சி ஆகாது. ஆண்டுப் பிறப்பன்று தொடங்கித் தைப்பூசத்துக்குள் கைவிடப்படும் முயற்சிக்கு அப்பெயர் பொருந்தாது என்று சொல்லே நமக்கு உணர்த்துகிறது.

'நடை' என்னும் சொல் இதனினும் செழுமையானது. காலால் நடப்பதும் நடை. எழுதும் பாங்கும் நடை. ஒழுகும் முறையும் நடை. வீட்டின் வாயிலையொட்டிய வழியையும் நடை என்றே வழங்கினர். இன்னொரு வழக்கும் உண்டு. 'கிணற்றிலிருந்து நாலு நடை தண்ணீர் எடுத்தேன்', 'சந்தைக்கு இரண்டு நடை போய் வந்தேன்' என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். இங்கே நடை என்பது போய்வரும் தடவையை எண்ணும் அளவுச்சொல். வேலையைக் காலால் அளந்த ஒரு வாழ்க்கை அச்சொல்லில் பதிந்திருக்கிறது. குழாயில் நீர் வந்ததும் அந்த அளவுச்சொல்லுக்கு வேலை குறைந்தது; காலுக்கும் குறைந்தது.

அடுத்து 'இளைத்தல்' என்னும் சொல்லைக் காண்போம். மெலிதலும் இளைத்தல், களைத்தலும் இளைத்தல், மூச்சு வாங்குதலும் இளைத்தல். 'என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே?' என்பது பரிவின் மொழி. மறுதலையாக, 'உடம்பு போட்டிருக்கு', 'நல்லா பூசினாப்போல இருக்கே' என்பன பாராட்டின் மொழி. பஞ்சமும் நோயும் உடலை உருக்கிய காலங்களில் இந்த வழக்கு முற்றிலும் நியாயமானது. உடல் மெலிந்தால் உணவு இல்லை அல்லது நோய் உண்டு என்பதே அன்றைய பொருள். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. வழக்கோ அப்படியே நிற்கிறது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். அதைக் குறைத்துக்கொண்டு திருமண வீட்டுக்குப் போனால் உறவினர் இரக்கப்படுகின்றனர். எடை குறைக்க முயலும் நம்மவர் பலர் முதலில் எதிர்கொள்ளும் தடை இந்த இரக்கமே.

2. தோட்டத்து உடலும் அடுக்குமாடி உடலும்

மலேசியத் தமிழரின் உடல்நல வரலாற்றை அவர்தம் தொழில் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பெரட்டு என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழில் திரிந்த வடிவம். பிறகு நிரை பிடித்து, நானூறு ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாகச் சீவ வேண்டும். குனிந்தும் நிமிர்ந்தும் மேடு பள்ளம் ஏறி இறங்கியும் சீவிய மரங்களுக்கே மீண்டும் ஒரு சுற்றுப் போய், மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். மங்கும் காண்டாவும் மலாய்மொழி நமக்குத் தந்த சொற்கள். வீடு திரும்பிய பின்னும் பெண்களுக்கு விறகு பிளத்தல், அம்மியில் அரைத்தல், உரலில் இடித்தல், முறத்தில் புடைத்தல், துணி துவைத்தல் என்று வேலை தொடர்ந்தது.

அந்த வாழ்க்கையை நாம் போற்றிப் பாட முற்படவில்லை. குறைந்த கூலியும் நோயும் கடனும் சூழ்ந்த வாழ்க்கை அது. அவ்வுழைப்பில் உடல் தேய்ந்தவர் பலர். நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: அன்று இயக்கம் வேலைக்குள்ளேயே கரைந்திருந்தது, அதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டிய தேவை எழவில்லை.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தில் வாழ்ந்தோர் அடுக்குமாடிக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தனர். மரம் சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் பாதுகாவலராகவும் ஓட்டுநராகவும் எழுத்தராகவும் ஆசிரியராகவும் நாற்காலியில் அமர்ந்தனர். உழைப்பு மாறியது, உணவின் அளவு மாறவில்லை. பால்மரக் காட்டில் ஐந்தாறு மணி நேரம் உழைத்தவர் உண்ட சோற்றின் அளவு, விசைப்பலகையின் முன் அமர்ந்தவரின் தட்டிலும் அப்படியே இடம்பெற்றது. அதனோடு கட்டிப்பால் கலந்த தே தாரிக்கும் இரவு பதினொரு மணிக்கும் கிடைக்கும் ரொட்டி சானாயும் சேர்ந்துகொண்டன.

இதன் விளைவை எண்கள் காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு, நோய்நிலை ஆய்வின்படி மலேசியரில் வயது வந்தோருள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. நீரிழிவு 2019இல் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பேச்சுவழக்கில் நாம் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் இந்நோய், நம் குடும்பங்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரைத் தொட்டிருக்கிறது என்பது இதன் பொருள். கால் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் பார்வைக் குறைவும் இதன் பின்னே வருவன. எனவே எடை குறைப்பு என்பதை அழகுக்கான முயற்சியாகக் கருதிக் கடந்துபோக இயலாது.

3. தராசு சொல்வதும் சொல்லாததும்

உடல் நிறை எண் என்பதைப் பலரும் அறிவர். கிலோகிராமில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தை எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு எண் 25. இக்கணக்கின் மூலவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுக் கணிதவியலர் அடால்ப் குவெட்லே. 1972இல் ஆன்சல் கீசும் அவர்தம் குழுவினரும் இன்றுள்ள பெயரை அதற்கு வழங்கினர்.

பொதுவாக 25ஐத் தாண்டினால் மிகை எடை, 30ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பர். ஆனால் ஆசியருக்கு இந்த எல்லைகள் பொருந்தவில்லை என்பதை உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004இல் எடுத்துரைத்தது. ஆசியரிடையே 23இலிருந்தே இடர் கூடுகிறது, 27.5இல் அது மிகுகிறது. மேலே கூறிய தேசிய ஆய்வின் விழுக்காடுகள் 25 என்னும் எல்லையைக் கொண்டு கணக்கிட்டவை. 23ஐக் கொண்டு அளந்தால் தொகை இன்னும் பெருகும்.

இதற்குக் காரணம் என்ன? பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தம் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. தோற்றத்தில் மெலிந்திருப்பினும் தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருத்தல் தெற்காசியரின் உடற்கூறு. அக்கொழுப்பு வயிற்றறையில், ஈரலையும் குடலையும் சூழ்ந்து தங்கும்போது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. ஈரலுக்குள்ளேயே கொழுப்பு படிவதும் உண்டு.

ஆகவே நமக்குத் தராசைக் காட்டிலும் அளவுநாடா நல்ல துணை. தொப்புளை ஒட்டி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் இடுப்பை அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகக் கண்ட வழக்கு நம்மிடம் உண்டு. அதைக் கைவிட இந்த நாடா உதவும்.

4. பேருந்து நடத்துநரும் சென்னை ஆய்வும்

அன்றாட இயக்கம் உயிரைக் காக்கிறது என்பதற்கு முதல் வலுவான சான்று இலண்டன் மாடிப் பேருந்துகளிலிருந்து கிடைத்தது. 1953இல் ஜெர்ரி மோரிசும் அவர்தம் குழுவினரும் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் பணிபுரிந்தோர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மாடிப்படியில் நூற்றுக்கணக்கான முறை கால் வைத்து ஏறி இறங்கினார். மாரடைப்பு நடத்துநரிடம் குறைவாகவே காணப்பட்டது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர்; உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றவர்களும் அல்லர். தம் வேலையைச் செய்தனர், அவ்வளவே.

1999இல் அமெரிக்காவில் ஜேம்சு லெவைன் நடத்திய ஆய்வு இன்னொரு பக்கத்தை விளக்கியது. பருமனில்லாத 16 தன்னார்வலருக்கு எட்டு வாரம் நாள்தோறும் தேவைக்குமேல் 1,000 கலோரி உணவு தரப்பட்டது. அனைவரும் ஒரே அளவு கூடுதலாக உண்டும், ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பே கூடியது, இன்னொருவருக்கு 4.23 கிலோ கூடியது. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்கியது, பயிற்சி என்று எண்ணாமலே செய்யும் சிற்றசைவுகள்: எழுதல், நிற்றல், உலாவுதல், நிலைமாறி அமர்தல். நாள் முழுதும் துறுதுறுவென்று திரியும் பாட்டியின் உடல்வாகுக்கு விளக்கம் இதில் ஓரளவு கிடைக்கிறது.

நமக்கு மிக நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருவது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை அத்திட்டம் தொடர்ந்து கவனித்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடு. மெட்பார்மின் மாத்திரை உண்டவரிடையே 40.5 விழுக்காடு. நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்கு இணையாக நின்றன. இதில் கருத வேண்டியது, வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பது. எடை அசையாதபோதும் நன்மை விளைந்தது.

உடலியல் இதற்கு விடை தருகிறது. தசை சுருங்கும்போது, இன்சுலினின் துணை இல்லாமலே அது குருதியிலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் பல மணி நேரம் இன்சுலினை நன்கு ஏற்கும் நிலையில் அது இருக்கிறது. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல உலாவினால் சர்க்கரையின் ஏற்றம் தணிவது இதனால்தான். தராசில் முள் நகரவில்லை என்று மனம் சோர்ந்து நடையை விடுவோர், உள்ளே நிகழும் நன்மையைக் காணாமல் விடுகின்றனர்.

5. எடைக் கணக்கின் உண்மை

எடை குறைப்பில் மிகைக்கூற்றுகள் மலிந்திருப்பதால் கணக்கை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 50 கலோரி செலவாகிறது. அரைமணி நேர விரைநடையில் இரண்டரைக் கிலோமீட்டர் கடக்கலாம். செலவு ஏறத்தாழ 125 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் உள்ளது ஏறத்தாழ 300 கலோரி. ஆகவே ஒரு ரொட்டியைக் கரைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடக்க வேண்டும். அதை உண்ணாதிருக்க ஒரு நொடி போதும்.

ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்கு நிகர். நாள்தோறும் அரைமணி நடப்பவர் ஓராண்டில், தாளில் போடும் கணக்கின்படி, ஐந்தாறு கிலோ இழக்க வேண்டும். நடைமுறையில் பசி கூடும், உடலும் சிக்கனம் கற்கும். எனவே இழப்பு அதனினும் குறைவே. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு தட்டுக்கே உரியது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும், இழப்பது தசையாகாமல் கொழுப்பாகவே இருக்கச் செய்வதிலும் இயக்கத்தின் பங்கு பெரிது. பட்டினி கிடந்து எடை குறைத்தவர் தசையையும் சேர்த்து இழக்கிறார். இளைத்தல் என்னும் சொல்லின் களைப்புப் பொருள் அவரிடம் மெய்யாகிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றது. அதன் பெரும்பகுதி பேசுவது மூலிகையைப் பற்றியன்று. முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதைப் பற்றியே. அளவு என்னும் சொல்லை நம் சமையலறைக்கு மீட்டால் போதும். தே தாரிக்கில் சீனியும் கட்டிப்பாலும் குறைவாகக் கேட்டல், சோற்றின் பங்கைக் குறைத்துக் கீரையையும் பருப்பையும் கூட்டுதல், இரவுணவை முன்கூட்டி முடித்தல் ஆகிய மூன்றும் தனிச் செலவில்லாதவை.

6. எவ்வளவு, எந்த வேகத்தில்?

உலகச் சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வயது வந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் கொள்ள வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம் கொள்ள வேண்டும். இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமேனும் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று முன்னர் இருந்த விதி இதில் நீக்கப்பட்டது. மூன்று நிமிடம் மாடிப்படி ஏறியதும் கணக்கில் சேரும்.

பத்தாயிரம் எட்டு என்னும் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த எட்டு எண்ணும் கருவிக்கு 'மான்போகெய்', அதாவது 'பத்தாயிர எட்டு அளவி', என்று பெயர். வணிகப் பெயர் பின்னர் மருத்துவ விதிபோல் பரவியது. 2019இல் வெளிவந்த ஐ-மின் லீயின் ஆய்வு, சராசரி 72 வயதுடைய பெண்களை ஆராய்ந்தது. நாளுக்கு 2,700 எட்டு வைத்தோரைக் காட்டிலும் 4,400 எட்டு வைத்தோரிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவு. ஏறத்தாழ 7,500 எட்டுக்கு மேல் கூடுதல் நன்மை புலப்படவில்லை. மூத்தோர் பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இன்று வைப்பதைவிட ஈராயிரம் எட்டு கூட்டுவதே முதல் இலக்கு.

'மிதம்', 'கடுமை' என்பனவற்றைக் கருவியில்லாமல் எப்படி அறிவது? இங்கே மொழியே அளவுகோலாகிறது. மருத்துவர் இதைப் பேச்சுச் சோதனை என்பர். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான இயக்கம். பாடவும் முடிகிறதென்றால் வேகம் போதாது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் அது கடுமையான இயக்கம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி உந்தியிலிருந்து எழும் காற்றால் பிறப்பதாகக் கூறி, அது தலை, மிடறு, நெஞ்சு முதலிய இடங்களில் நிலைபெறுவதை விளக்குகிறது. பேச்சுக்கும் உழைப்புக்கும் மூச்சு பொதுமுதல். தசைக்கு அது மிகுதியாகத் தேவைப்படும்போது பேச்சுக்குக் கிடைப்பது சுருங்குகிறது. நண்பருடன் பேசிக்கொண்டே நடப்போருக்கு இந்த அளவி எப்போதும் கையில் உண்டு.

7. செலாயாங்கில் ஒரு நாள்

இனி இவற்றை நம் ஊரில் பொருத்திப் பார்ப்போம். செலாயாங் நடப்பதற்கு எளிய ஊர் என்று சொல்ல இயலாது. விரைவுச்சாலைகள் குடியிருப்புகளை வெட்டிச் செல்கின்றன. நடைபாதையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கும். நண்பகல் வெயிலும் மாலை மழையும் புகைமூட்டக் காலமும் வேறு உள்ளன. தனியே நடக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு பற்றிய அச்சமும் உண்டு. 'நடவுங்கள்' என்று மட்டும் சொல்லும் அறிவுரை இத்தடைகளைக் காணாதது.

ஆயினும் வாய்ப்புகள் குறைவல்ல. பத்துமலையின் 272 படிகளில் விடியற்காலை வழிபாட்டுக்கு ஏறுவோரோடு பயிற்சிக்கு ஏறுவோரும் உளர். மரப்படிகளுக்கு மாற்றாக 1940இல் கட்டப்பட்ட அப்படிகளில், கோயிலின் ஒழுங்குக்கு மதிப்பளித்து, நடுநடுவே நின்று ஏறுவது இதயத்துக்கு நல்ல பயிற்சி. முழங்கால் தேய்மானம் உள்ளோருக்கு இறங்குவதே கடினம். அவர்கள் சமநிலத்தைத் தேர்தல் நன்று. ரவாங் சாலையில் டெம்ப்ளர் பூங்காவும், ஏழு அடுக்காக விழும் காஞ்சிங் அருவியும் உள்ளன. கெப்போங்கில் மலேசிய வன ஆய்வு நிலையத்தின் காட்டுப் பாதைகள் உள்ளன. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் மரம் நட்டு உருவாக்கிய அக்காடு, 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவை ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை.

மற்ற ஆறு நாள்களே உடலை ஆக்குவன. அவற்றுக்குரிய வழிகளைச் சுருக்கமாகக் கூறுவோம். அடுக்குமாடியில் வாழ்வோர் மின்தூக்கியில் இரண்டு மாடி முன்னரே இறங்கி மீதியை ஏறலாம். மூன்று கிழமைக்குப் பின் மூன்று மாடியாக்கலாம். பேருந்திலோ கொமுட்டரிலோ செல்வோர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம். காரில் செல்வோர் பேரங்காடியின் வாயிலருகே இடம் தேடிச் சுற்றுவதை விட்டு, தொலைவில் நிறுத்தி நடக்கலாம். பசார் மாலாமில் வாங்குமுன் ஒரு முழுச் சுற்று வரலாம். நடையும் ஆகும், விலையும் தெரியும். தொலைபேசியில் பேசும் நேரமெல்லாம் நின்றோ உலாவியோ பேசலாம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடை போடலாம். ஒரு மணி நேரம் அமர்ந்தால் மூன்று நிமிடம் எழுந்திருத்தல் வேண்டும்.

தசைக்கு என்ன செய்வது? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல், ஐந்து கிலோ அரிசிப் பையை இரு கைகளாலும் மார்புவரை தூக்கி இறக்குதல் ஆகிய நான்கும் வீட்டிலேயே முடிவன. வயது ஏற ஏறத் தசை தானே குறைகிறது. முதுமையில் விழாமல் நிற்பதற்கும், பிறர் துணையின்றிக் கழிவறை சென்று வருவதற்கும் தேவைப்படுவது இந்த வலுவே.

சில எச்சரிக்கைகளும் உரியவை. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்போர், நடக்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும், பையில் இனிப்பு வைத்திருப்பதும் நல்லது. நீரிழிவு உள்ளோர் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நெடுநாள் இயங்காதிருந்தோர் பத்து நிமிடத்தில் தொடங்கிக் கிழமைதோறும் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.

8. பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை. ஆனால் நம் பள்ளி வழக்கில் இயக்கம் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? வீட்டுப்பாடம் எழுதாதவன் தோப்புக்கரணம் போடுகிறான். தாமதமாக வந்தவள் திடலைச் சுற்றி ஓடுகிறாள். தேர்வு நெருங்கினால் உடற்கல்வி நேரம் கணிதத்துக்குப் போகிறது. ஓட்டம் தண்டனையாகவும், உட்காருதல் நல்லொழுக்கமாகவும் பிள்ளையின் மனத்தில் பதிகின்றன. சொல்லின் பொருளைச் சூழலே கற்பிக்கிறது என்பது மொழியியலின் அடிப்படைப் பாடம். தண்டனைச் சூழலில் கற்ற சொல்லைப் பிள்ளை வளர்ந்தபின் விரும்பி ஏற்பது அரிது.

பருமனான பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டும் வழக்கமும் ஒழிய வேண்டும். கேலிக்கு அஞ்சிய பிள்ளை முதலில் விலகுவது விளையாட்டுத் திடலிலிருந்தே. பாண்டி, கிளித்தட்டு, கபடி, சிலம்பம் என நம் விளையாட்டுகள் உள்ளன. அவற்றின் பெயர்களைத் தமிழ் வகுப்பில் சொல்லாகக் கற்பிப்பதோடு நில்லாமல் திடலில் ஆடவும் விட்டால் இரு பாடமும் ஒருசேர நடக்கும். மொழிப்பாடத்திலும் வாய்ப்புண்டு. வினைமுற்றுகளை மாணவர் எழுந்து செய்துகாட்டிக் கற்கலாம்.

9. நாமும் நீங்களும்

இறுதியாக ஓர் இலக்கணக் குறிப்பு. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாங்கள்' கேட்பவரை விலக்கும். 'நாம்' கேட்பவரையும் உள்ளடக்கும். உடல்நல அறிவுரை நம் வீடுகளில் பெரும்பாலும் முன்னிலையில் வருகிறது. 'அப்பா, நீங்கள் நடக்கணும்', 'அம்மா, நீங்க சோற்றைக் குறைங்க' என்கிறோம். அவர் தனியே நடக்கிறார், தனியே குறைக்கிறார், மூன்றாம் கிழமையில் விட்டுவிடுகிறார். சொன்னவர் நாற்காலியிலேயே இருக்கிறார்.

'சாப்பிட்டாச்சு, வாங்கப்பா, நாம ஒரு நடை போய்ட்டு வருவோம்' என்பது வேறுவகை வாக்கியம். அதில் கட்டளை இல்லை. சொன்னவரும் காலணி அணிய வேண்டும். தனியே நடக்க அஞ்சும் பெண்ணுக்குத் துணை கிடைக்கிறது; மூத்தவருக்குப் பேச்சுத்துணை கிடைக்கிறது; பேச்சுச் சோதனைக்கும் ஆள் கிடைக்கிறது. வீட்டுக்கு ஒரு சமையல் என்பதால், அளவுச் சாப்பாடும் ஒருவருக்கு மட்டும் தனியே அமைவதைவிட அனைவருக்கும் அமைவதே நிலைக்கும்.

இந்நூலைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் இன்றிரவு செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஓர் அளவுநாடாவை எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர் அனைவரின் இடுப்பளவையும் நாளேட்டில் தேதியுடன் குறித்துவைக்கலாம். பின்னர் இரவுணவை முடித்து, குடியிருப்பைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் சேர்ந்து நடக்கலாம். மூன்று மாதம் கழித்து அதே நாடாவால் மீண்டும் அளக்கலாம். அளவு குறைந்திருந்தால் மகிழ்வோம். குறையாவிடினும், சென்னை ஆய்வு காட்டியதை நினைவிற்கொண்டு, நடையைத் தொடர்வோம்.